அம்மா ஃபோனை எடுக்காவிட்டால் எனக்கு இன்னும் அந்த உயிர்த்த ஞாயிறுதான் ஞாபகம் வருகிறது

வாவிக்கரை எழுதியது:

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். ஊர் மட்டக்களப்பு. அம்மாவும் அக்கா குடும்பமும் இன்னும் அங்கேதான். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை.

2019 ஏப்ரல் 21, இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறு. ஊரில் காலை 8.45 என்றால் எங்களுக்கு அது சனி இரவு 11.15. பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு அடுத்த நாள் சமையலுக்கு இறைச்சியில் தூள் போட்டுப் பிரட்டிக்கொண்டு நின்றேன். ஒரு தோழி, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் ஏதோ வெடித்ததாம், உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். காஸ் வெடித்திருக்கும் என்றுதான் நினைத்தேன். சண்டை முடிந்து பத்து வருஷமாகப் போகிறது, இனி என்ன குண்டு? அப்புறம் நீர்கொழும்பு என்றார்கள், கொழும்பில் ஹோட்டல்கள் என்றார்கள், அதற்குப் பிறகு ஒரே ஒரு வரி: மட்டக்களப்பிலும் ஒரு தேவாலயம்.

எந்தத் தேவாலயம் என்று அந்த வரியில் இல்லை. அம்மா அன்று காலைப் பூசைக்குப் புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குத்தான் போவார். கோவிலுக்கு ஃபோன் கொண்டுபோகக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம், வீட்டு மேசை மேல் வைத்துவிட்டுத்தான் போவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த மேசை மேல் கிடக்கும் ஃபோனுக்குத்தான் திரும்பத் திரும்ப எடுத்தேன், 41 முறை. அக்காவுக்கு எடுத்தால் மணி அடிக்காமலே அறுந்தது. அத்தானுக்கும் அப்படியே. கழுவாத கையோடு எடுத்ததால் ஃபோனெல்லாம் மிளகாய்த்தூள், அந்த மணம் இன்றைக்கும் எனக்கு அந்த இரவுதான்.

1.25க்கு அக்காவின் எஸ்எம்எஸ் வந்தது. "அம்மா வீட்டில. எல்லாரும் இருக்கிறம். லைன் இல்ல." வெடித்தது சியோன் தேவாலயம், அதே பட்டணத்துக்குள்தான். ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பலர் அதில் செத்துப்போனார்கள். அம்மா இருக்கிறார் என்று நான் குசினி நிலத்தில் குந்தியிருந்து அழுத அதே நேரம் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு வந்த நிம்மதியே கூச்சமாக இருக்கிறது.

சரி, இப்போது என் பிரச்சினை. அன்றிலிருந்து அம்மா ஃபோனை எடுக்காவிட்டால் எனக்கு நெஞ்சு இறுகிவிடும். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை கட்டாயம் கதைக்க வேண்டும். போன மாதம் ஒரு திருவிழாவுக்குப் போயிருக்கிறார், நாலு மணி நேரம் பதில் இல்லை. நான் அக்கம்பக்கத்து மூன்று வீடுகளுக்கு எடுத்து, பங்குத்தந்தைக்கும் எடுத்து, ஊரையே எழுப்பிவிட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க இங்க இருக்கிறம், எங்களுக்கு இல்லாத பயம் உனக்கு என்னத்துக்கு? உன்ர பயத்தையும் சேர்த்துச் சுமக்க எங்களால ஏலாது" என்றார். அதற்குப் பிறகு என் அழைப்பைப் பாதி நேரம் எடுப்பதில்லை.

அவர் சொன்னது பிழை என்று எனக்குச் சொல்ல முடியவில்லை. ஆனால் எப்படி நிறுத்துவது? உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா?

சிறுதுளி எழுதியது:

முழுதும் படித்தேன் அக்கா. அந்த மேசை மேல் இருக்கும் ஃபோனுக்கு 41 முறை எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே நின்றுவிட்டேன். எடுக்க ஆள் இல்லை என்று தெரிந்தாலும் மணி அடிக்கிறதே என்று ஒரு பிடிப்பு. இரவு வந்து விரிவாக எழுதுகிறேன், எனக்கும் சொல்ல இருக்கிறது.

கொங்குப்பயணி எழுதியது:

அம்மா, எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நீங்கள் ஃபோன் வைத்துக்கொண்டு பட்ட பாட்டை நாங்கள் ஃபோன் இல்லாமல் பட்டோம், அதனால் சொல்கிறேன்.

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. கோயம்புத்தூரில் சாயங்காலம் ஆர்.எஸ்.புரத்தில் ஆரம்பித்து வரிசையாகக் குண்டுகள். அரசு ஆஸ்பத்திரிப் பக்கம்கூட விடவில்லை. 58 பேர் போனார்கள், 200 பேருக்கு மேல் காயம். நான் அப்போது மும்பையில் ஒரு பட்டறையில் வேலை. அப்பா, அம்மா, கல்யாணமாகாத தங்கை மூவரும் ஊரில். வீட்டில் ஃபோன் கிடையாது. எதிர்வீட்டு நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று எழுதி வைத்திருப்போம், அவர்கள் போய் அழைத்து வர வேண்டும், அதுவரை எஸ்டிடி பூத்தில் மீட்டர் ஓடும்.

அன்று ராத்திரி பூத்தில் எனக்கு முன்னால் பதினைந்து பேர், அதில் பாதிப்பேர் நம்ம பக்கத்து ஆட்கள்தான். ஒவ்வொருத்தரும் உள்ளே போவார்கள், எண்ணைச் சுழற்றுவார்கள், லைன் எல்லாம் உபயோகத்தில் இருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்லும், வெளியே வருவார்கள், மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்பார்கள். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. பூத்துக்காரர் மராத்திக்காரர், கடையை மூடும் நேரம் தாண்டியும் மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு லைன் கிடைத்தது மறுநாள் மத்தியானம். எதிர்வீட்டு அம்மா எடுத்த எடுப்பில் "எல்லாரும் நல்லாருக்காங்க கண்ணு, அப்பாவைக் கூப்புடறேன் இரு" என்றார். நான் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பின்னால் இன்னும் ஆட்கள் நின்றார்கள்.

நான் சொல்ல வந்தது, ஒரு ராத்திரி முழுக்கத் தெரியாமல் இருந்த அந்த பயம் எனக்கு அதோடு போய்விட்டது. உங்களுக்கு ஏன் போகவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்க்க வசதியே இல்லை. மாதம் ஒரு கடிதம், அவ்வளவுதான். கையில் ஃபோன் இருந்திருந்தால் நானும் உங்களைப் போலத்தான் ஆகியிருப்பேனோ என்னவோ.

மட்டு_தம்பி எழுதியது:

அக்கா, நான் அன்று ஊரில் இருந்தவன். உங்கள் அக்காவின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

சத்தம் கேட்டதும் முதலில் டயர் என்று நினைத்தோம். பிறகு ஆட்கள் ஓடினார்கள். நானும் இரண்டு நண்பர்களும் போதனா வைத்தியசாலைக்கு இரத்தம் கொடுக்கப் போனோம், அங்கே எங்களுக்கு முன்பே வரிசை. ஓட்டோக்காரர், வங்கியில் வேலை செய்பவர், முஸ்லிம் பொடியன்கள், எல்லாரும் நின்றார்கள். அந்த வாசலில் கண்டதை இங்கே எழுதமாட்டேன்.

பின்னேரம் ஃபோனைப் பார்த்தால் 73 தவறிய அழைப்புகள். சுவிஸ், லண்டன், பாரிஸ், கனடா. ஒருவருக்குப் பதில் சொல்லி வைத்தால் அவர் அதை ஆறு பேருக்குச் சொல்லுவார், அந்த ஆறு பேரும் என் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கே எடுப்பார்கள். பற்றரி 9 சதவீதம். ஒரு மாமி, செத்த பிள்ளைகளில் எங்கள் சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா, நீ போய்ப் பார்த்து ஃபோட்டோ அனுப்பு என்றார். நல்ல மனுசி, எங்களுக்கு எவ்வளவோ செய்தவர். அன்று அவரோடு கத்திவிட்டேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன், இருவருக்கும் அது இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று. வெளியில் இருந்து வந்த தகவல்கள் எங்களை இன்னும் பயப்படுத்தின. எங்களுக்குத் தெரிந்தது எங்கள் தெரு மட்டும். உங்களுக்கோ முழு நாடும் திரையில் தெரிகிறது. தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டார்களாம், குடிக்காதே என்று ஒருவர். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குண்டு என்று இன்னொருவர். அது உண்மைதான், அன்று இரவு கண்டுபிடித்துச் செயலிழக்கச் செய்தார்கள். தண்ணீர்க் கதை பொய். எது எது என்று இருட்டில் ஊரடங்குக்குள் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? என் அம்மா அன்றிரவு தண்ணீர் குடிக்காமல் படுத்தார்.

உங்கள் அக்கா அன்று அனுப்பிய மூன்று வரியை எவ்வளவு சிரமப்பட்டு அனுப்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் உங்களை நினைக்காமல் இருக்கவில்லை. இருந்த கொஞ்ச லைனில் முதலில் உங்களைத்தான் நினைத்திருக்கிறார்.

வாவிக்கரை எழுதியது:

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. கடைசி வரியைப் படித்துவிட்டு வேலைத்தளத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த எஸ்எம்எஸ்ஸை நான் எனக்கு வந்த பதில் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன். அவர் இருந்த நிலையில் அனுப்பியது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அன்று எங்கே நின்று அனுப்பினார் என்றுகூட நான் கேட்டதில்லை.

சிக்னல்காரன் எழுதியது:

நான் மொபைல் நெட்வொர்க் பராமரிப்பில் இருப்பவன். மனசு விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது, ஆனால் "மணி அடிக்காமலே அறுந்தது" என்பதை மட்டும் விளக்க முடியும். அது தெரிந்தால் பயம் கொஞ்சமாவது குறையும் என்று நம்புகிறேன், ஏனென்றால் லைன் கிடைக்கவில்லை என்றால் ஆளே இல்லை என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது.

ஒரு டவரால் ஒரே நேரத்தில் இத்தனை பேச்சு அழைப்புகளைத்தான் தாங்க முடியும் என்று ஒரு அளவு உண்டு. சாதாரண நாளில் அந்தப் பகுதியில் இருப்பவர்களில் சிலர்தான் ஒரே நேரத்தில் பேசுவார்கள் என்ற கணக்கில் அமைப்பது. குண்டு வெடித்த பத்தாவது நிமிஷம் ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள், உலகம் முழுக்க இருந்து அந்த ஊருக்கு எடுக்கிறார்கள். இடமில்லாத அழைப்பை நெட்வொர்க் அங்கேயே தள்ளிவிடும். எஸ்எம்எஸ் அப்படியில்லை. அது சின்னது, பேச்சுக்கான தடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காது, போகவில்லை என்றால் காத்திருந்து மறுபடி போகும். வாவிக்கரை அக்காவின் அக்கா அனுப்பியதுதான் சரியான வழி. 2016 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்திலும் மெட்ரோவிலும் வெடித்தபோது நெட்வொர்க் திணறி, அழைக்காதீர்கள், செய்தி அனுப்புங்கள் என்று அதிகாரிகளே மக்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

சில நேரம் வேண்டுமென்றே முடக்குவதும் உண்டு. 2005 ஜூலை 7 லண்டனில் ஆல்ட்கேட் பகுதியில் மீட்புப் பணியாளர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று போலீஸ் கேட்டு, ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் பொதுமக்கள் அழைப்புகளை நிறுத்தி வைத்தார்கள். அங்கே இருந்தவர்கள் உயிரோடும் கையில் ஃபோனோடும் இருந்தார்கள், பேசத்தான் முடியவில்லை.

இலங்கையில் அன்று வேறொன்றும் சேர்ந்தது. வதந்தியைத் தடுக்க என்று பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றையும் அரசு தடை செய்தது, ஏப்ரல் 30 வரை. வெளிநாட்டில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒற்றை டிக்கோடு நிற்பதைப் பார்த்துப் பார்த்துச் செத்திருப்பார். சாதாரண அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் தடை இல்லை, ஆனால் பல வருஷமாக எல்லோரும் வைபரிலேயே பேசிப் பழகி, சாதாரண நம்பர் பலரிடம் இல்லவே இல்லை. "நான் பாதுகாப்பாக இருக்கிறேன்" என்று பேஸ்புக்கில் குறிக்கும் வசதியைத் தாக்குதல் ஒன்றுக்காக முதலில் திறந்தது 2015 நவம்பரில் பாரிஸுக்கு. நல்ல வசதிதான், பேஸ்புக்கே திறக்காத ஊரில் அது என்ன செய்யும்?

வீட்டு நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், எஸ்எம்எஸ் போகும் நம்பர், மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஊரில் ஒருவர் தகவல் அனுப்புவது, வெளிநாட்டில் ஒருவர் வாங்குவது, மற்றவர்கள் எல்லோரும் அந்த வெளிநாட்டு ஆளிடம் கேட்பது. 73 அழைப்பு என்றாரே தம்பி, இப்படி வைத்துக்கொண்டால் அது நாலைந்தாகக் குறையும்.

பாலைநிலா எழுதியது:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் தோஹாவில் இருக்கிறேன், ஊர் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடி. அந்தத் தாக்குதலைச் செய்தவர்களில் முக்கியமானவன் எங்கள் ஊரில் பிறந்தவன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர் மக்களே பல வருஷமாக அவனுக்கு எதிராக முறைப்பாடு கொடுத்திருந்தார்கள் என்பதும் சிலருக்குத் தெரியும்.

அன்று எனக்கும் முதலில் வந்தது உங்களுக்கு வந்த பயம்தான். வாப்பா மருந்து எடுக்க மட்டக்களப்புப் பட்டணத்துக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமையில்கூடப் போவார். உம்மாவின் குரலைக் கேட்டதும் அந்தப் பயம் போனது. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, பெயர்கள் வெளியே வந்ததும் அடுத்த பயம் வந்தது, அது இன்னும் போகவில்லை. இனி எங்கள் ஆட்களை என்ன செய்வார்கள்?

வாவிக்கரை சகோதரிக்கு இரண்டு மணி நேரத்தில் பதில் கிடைத்தது. எனக்கு மே 13 வரை நீண்டது. என் நானா, அதாவது அண்ணன், மினுவாங்கொடையில் ஒரு கடையில் வேலை செய்தார். அன்று பின்னேரம் கூட்டம் வந்து பட்டணத்தில் முஸ்லிம் கடைகளைக் கொளுத்தினார்கள். குருநாகல், புத்தளம் பக்கத்திலும் அப்படித்தான், ஒரு மனிதரை வெட்டிக் கொன்றார்கள். அன்றும் ஊரடங்கு, அன்றும் வட்ஸ்அப் தடை. நானா ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டுப் பின்னறையில் இரவு முழுக்க இருந்திருக்கிறார், ஃபோனை அணைத்துவிட்டு, வெளிச்சமோ சத்தமோ வந்துவிடக்கூடாது என்று. நான் அன்று அவருக்கு எடுத்துக்கொண்டே இருந்தேன். ஃபோன் அணைந்திருந்தது நல்லதாகப் போனது. மணி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கை குளிர்கிறது.

அதற்குப் பிறகு நான் அழைப்பதற்கு முன் எப்போதும் ஒரு புள்ளி மட்டும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவேன். பதிலுக்குப் புள்ளி வந்தால்தான் அழைப்பேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாரம் என்னோடு தோஹாவில் வேலை செய்த மட்டக்களப்புத் தோழிக்கு, உன் வீட்டார் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று இருந்தது. அவளும் என்னிடம் கேட்கவில்லை. ஒரே குசினியில் நின்று தேநீர் ஊற்றினோம், ஒரு வாரம் கதைக்காமல்.

கடலோரம் எழுதியது:

நான் நீர்கொழும்பு. இப்போது மிலானில். இந்த இழையில் எல்லோருக்கும் கடைசியில் பதில் வந்திருக்கிறது. எனக்கு வந்த பதில் வேறு.

என் சித்தி கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலில் இருந்தார். எனக்கு இங்கே விடியற்காலை 5.15. எழுந்தபோது அண்ணாவின் அழைப்பு நாலு இருந்தது, செய்தி எதுவும் இல்லை. வாவிக்கரை, நீங்கள் பதில் வராத ஃபோனுக்கு எடுத்தீர்கள். நான் வந்த அழைப்பைத் திருப்பி எடுக்காமல் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். நாலு முறை எடுத்தவன் ஒரு வரி எழுதவில்லை என்றால் அது எழுதக்கூடிய விஷயம் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஆனால் உறுதி கிடைக்க இரண்டு நாள் ஆனது. ஒரு ஆஸ்பத்திரியில் இல்லை, இன்னொன்றில் அதே பெயரில் வேறொருவர். அண்ணா ஒவ்வொரு இடமாகப் போய், திரையில் காட்டிய படங்களைப் பார்த்து, காதில் இருந்த தோட்டை வைத்துத்தான் அடையாளம் சொன்னான். அந்த வாரம் இறந்தவர் எண்ணிக்கையை 359 என்று சொல்லி, பிறகு 253 என்று குறைத்தார்களே, பலருக்கு அது செய்தியில் ஒரு திருத்தம். உடல்கள் சிதறியிருந்ததால் சிலரை ஒன்றுக்கு மேல் எண்ணிவிட்டோம் என்றார்கள். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதைப் படிப்பது என்ன என்று எழுத என்னிடம் சொல் இல்லை.

23ஆம் தேதி அடக்கம். எனக்கு விமானச் சீட்டுக் கிடைக்கவில்லை. ஃபோனில் பார்த்தேன், அண்ணாவின் கை நடுங்கி நடுங்கிப் படம் எல்லாம் வானமாகத்தான் இருந்தது.

முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் தடுக்கவில்லை என்பதை 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றமே சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. சித்தியிடம் யாராவது அந்த எச்சரிக்கையைச் சொல்லியிருந்தால் அன்று வீட்டில் இருந்து செபமாலை சொல்லியிருப்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது, அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் எழுத வேண்டாம்.

பாலைநிலா, உங்களுக்கு ஒன்று. நானும் என் முஸ்லிம் தோழி ஒருத்தியோடு ஒரு வருஷம் கதைக்கவில்லை. அவள் ஒன்றும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முடியவில்லை. அவள் அந்த வருஷம் எனக்கு மூன்று முறை எழுதினாள், ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி, சாப்பிட்டாயா என்று. நாலாவது முறை எழுதியபோது பதில் போட்டேன். உங்கள் தோழிக்கு நீங்கள் கேளுங்கள். அவள் பதில் சொல்லாவிட்டாலும் கேளுங்கள்.

பாலைநிலா எழுதியது:

கடலோரம், உங்கள் சித்திக்காக இன்றிரவு துஆ கேட்பேன். அதைச் சொல்லத்தான் முதலில் வந்தேன். அந்தத் தோழி இப்போது ஊரோடு போய்விட்டாள், பழைய நம்பர் இருக்கிறது. நேற்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை. இருக்கட்டும்.

சிறுதுளி எழுதியது:

எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனேன், இதற்கெல்லாம் பிறகு என் கதை சின்னது. ஆனால் வாவிக்கரை அக்கா கேட்ட "எப்படி நிறுத்துவது" என்பதற்கு இது உதவலாம்.

2008 நவம்பர் 26 இரவு என் கணவர் வேலை விஷயமாக மும்பையில் இருந்தார். சிஎஸ்டி ரயில் நிலையத்தில் சுடுகிறார்கள் என்று செய்தி வந்த அரை மணி நேரத்தில் அவர் கூப்பிட்டுவிட்டார், அந்தேரியில் அறையில் இருக்கிறேன், கதவைப் பூட்டிக்கொண்டேன் என்று. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் 29ஆம் தேதி காலை தாஜ் ஹோட்டலில் கடைசித் தீவிரவாதியைச் சுடும் வரைக்கும் நான் டிவி முன்னாலிருந்து நகரவில்லை. அவர் இருந்த அந்தேரி எங்கே, தாஜ் இருக்கும் கொலாபா எங்கே! ஊர் தெரியாத எனக்கு மும்பை முழுக்க அந்தப் புகை வந்த மாடமாகத்தான் இருந்தது. மணிக்கு ஒருமுறை அவரைக் கூப்பிட்டு உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டேன்.

பல வருஷம் கழித்து ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழக அர்வைன் வளாகத்தினர் செய்தது. அந்த வாரத்தில் நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு, நேரில் அங்கே இருந்தவர்களைவிட மன உளைச்சல் அறிகுறிகள் அதிகமாக இருந்தனவாம். படித்ததும் எனக்கு அழுகை வந்தது. நான் பைத்தியம் இல்லை என்று யாரோ சொன்ன மாதிரி.

அக்கா, நீங்கள் அம்மாவுக்கு எடுப்பதற்கு முன் செய்தித் தளங்களைப் பார்க்கிறீர்களா? எனக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டு இருந்தது. செய்தியைத் தொட்டால் கை தானாக ஃபோனுக்குப் போகும். காலையில் செய்தி பார்ப்பதை விட்டேன். அழைப்பு தானாகக் குறைந்தது. ஒரு நாளில் இல்லை, கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆனது. ஒரு மருத்துவரிடமும் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

கொங்குப்பயணி எழுதியது:

சிக்னல்காரன் தம்பி சொன்ன ஒரு ஆள் ஏற்பாடு நல்லதுதான். ஆனாலும் ஒன்றில் மட்டும் ஒப்பவில்லை. எஸ்எம்எஸ் போதும் என்று சொல்லிவிட முடியாது. அன்று எதிர்வீட்டு அம்மா "கண்ணு" என்று சொன்ன அந்தக் குரல்தான் எனக்குப் போதுமானதாக இருந்தது. "நலம்" என்று தாளில் வந்திருந்தால் யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று மறுபடி யோசித்திருப்பேன். முதல் தகவல் எஸ்எம்எஸ்ஸில் வரட்டும். லைன் சரியானதும் ஒரு தரம் குரலைக் கேட்டுவிட வேண்டும். அதுவும் எங்கே எப்படி என்று விசாரணை பண்ணாமல், இரண்டு வார்த்தை.

வாவிக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருடையதையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கடலோரம், உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் வரவில்லை. இன்னும் தெரியவில்லை. உங்கள் சித்தியின் தோட்டை நான் மறக்கமாட்டேன்.

அக்காவுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. "அன்றைக்கு அந்த எஸ்எம்எஸ்ஸை எங்கே நின்று அனுப்பினாய்?" என்று மட்டும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவரே எடுத்தார், ஒரு மணி நேரம் கதைத்தார். அவர் வீட்டில் இருந்து அனுப்பவில்லை. அவரும் அம்மா எங்கே என்று தெரியாமல் பேராலயத்துக்கு ஓடியிருக்கிறார், வழியில் ஆட்கள் எதிர்ப்பக்கமாக ஓடி வந்திருக்கிறார்கள், ஒரு காலில் செருப்பு இல்லை. அம்மா தெரு முனையில் வேறு இரண்டு அம்மாமாரோடு கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, லைன் இருக்கும் இடம் தேடி மொட்டை மாடியில் ஏறி நின்று, எட்டு ஒன்பது முறை முயற்சி செய்து அனுப்பியிருக்கிறார். "நீ விடிய விடிய அழுதுகொண்டு நிப்பாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். இதை அவர் யாரிடமும் சொன்னதே இல்லையாம். யாரும் கேட்கவில்லை என்றார். அக்காவுக்குப் பயமே இல்லை என்றுதான் நான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். அவருடைய மூத்த மகள் வகுப்பு முடிந்து பத்து நிமிஷம் பிந்தினாலும் அவர் கேற்றடியில் போய் நிற்பாராம்.

இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம், பாலைநிலா சொன்ன புள்ளியும் கொங்குப்பயணி ஐயா சொன்ன குரலும் சேர்த்து. அம்மா ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு வாய்ஸ் அனுப்புவார். மற்ற நாட்களில் அக்கா இரவு ஒரு புள்ளி. ஏதாவது நடந்தால் அக்காவிடம் இருந்து வாங்குவது நான், அண்ணாவும் சித்தப்பாவும் மச்சாளும் என்னிடம்தான் கேட்க வேண்டும். நானாக எடுப்பது இரண்டு நாளுக்கு ஒரு முறை. முதல் வாரம் முடியவில்லை, புதன்கிழமை களவாக எடுத்துவிட்டேன், அம்மாவுக்கு விளங்கிவிட்டது, அக்காவிடம் சொல்லவில்லை. சிறுதுளி, காலைச் செய்தியை நிறுத்திப் பார்க்கிறேன், அது இதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

நேற்று சனி இரவு, ஊரில் ஞாயிறு காலை, அம்மாவின் வாய்ஸ் வந்தது. 38 வினாடி. வந்ததைப் பார்த்தேன். கை வேலையாக இருந்தது. சட்டிகளைக் கழுவி முடித்து, கையைத் துடைத்துவிட்டுத்தான் கேட்டேன். பூசையில் சனம் கூட என்றும், வழியில் மழை பிடித்துக்கொண்டது என்றும் சொல்லியிருந்தார்.